கூச்ச சுபாவமுள்ள கண்ணாடி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஓமுர்சாக் அவர்களுக்கு, அத்-பஷிப் பக்கத்திலிருந்து ஷார்ஷென் எழுதிக்கொள்வது. உங்கள் ஆடுகள் நலமா, குதிரைகள் நலமா, வைக்கோல் நனையாமல் வீடு வந்து சேர்ந்ததா, அதற்குப் பிறகு நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமா. இங்கே எங்கள் ஆடுகள் நலம், பசு போன வாரம் இருமியது, இப்போது இருமவில்லை, என் மனைவி பூபுசாராவும் மகன் எர்மெக்கும் நலம், உங்கள் அருமை மகளும் எங்கள் வீட்டுப் புது மருமகளுமான கனிஷாய் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். இந்த வீட்டில் நலமில்லாதது இரண்டே பேர்: ஒன்று நான், இன்னொன்று நீங்கள் என்னை நம்பிக் கொடுத்த வெள்ளைக் கார்.

தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் எடுக்கிறேன். நான் "சம்பந்தி, அந்தக் கார்" என்று தொடங்கும்போதே நீங்கள் "என் சின்ன மக எப்படி இருக்கா" என்று கேட்டுவிடுகிறீர்கள். உடனே நான் மழை வருமா வராதா என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். போதாக்குறைக்கு பூபுசாரா பக்கத்தில் நின்று நான் சொல்வதை எல்லாம் திருத்துகிறாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு டிராக்டரில் ஏறியவன் நான், எழுத்தில் பிழை இருந்தால் டிராக்டரை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் விருந்துக்கு வந்து காரை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. நடந்ததை வேறு யார் வாயிலிருந்தாவது கேட்டு, கோபித்துக்கொண்டு, நீங்கள் வராமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்? பெண்ணைப் பெற்றவன் வந்து உப்புத் தின்னாத வீட்டில் அந்தப் பிள்ளை எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும்? இப்போதே அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. புது மருமகள் மாமனாரிடம் பேசாமல் இருப்பது மரியாதை என்று பெண்கள் சொல்கிறார்கள். மரியாதை எது, கோபம் எது என்று எனக்குத் தெரியாதா. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கல்யாணத் தேதி குறிக்க நான் கோச்கோருக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். என்னிடம் இருப்பது கரி மூட்டை ஏற்றும் பழைய வண்டி, அதில் மருமகளை அழைத்துவர முடியாது என்று நான் தலையைச் சொறிந்தபோது, நீங்கள் எழுந்துபோய் வெள்ளைக் காரின் சாவியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள். எல்லோர் முன்னிலையிலும், "பெரிய மகளைக் குளிர் ஆரம்பிச்சதும் அனுப்புறேன் சம்பந்தி, இது என் சின்ன மக, இவளை இப்பவே கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். நான் கண் கலங்கினேன். அப்புறம் என்னைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, "பின்கதவு இடது கண்ணாடியை மட்டும் தொட்டுறாதீங்க, இறக்கவும் வேணாம் ஏத்தவும் வேணாம்" என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். "அவ கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றீர்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணின் கூச்சத்தைத் துருவிக் கேட்பது அழகல்ல என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். பிறகு எனக்குச் சீராக ஒரு செம்மறிக் கிடாயைக் கொடுத்தீர்கள், அதன் காலைக் கட்டி நீங்களே உங்கள் கையால் பின் இருக்கையில் ஏற்றினீர்கள். வலப்பக்கம் படுக்க வைக்கலாமா என்றேன். வேண்டாம், இடப்பக்கமே இருக்கட்டும், மலையைப் பார்த்துக்கொண்டு வந்தால் அழாது என்றீர்கள். ஒரு கிடாயின் மனசைக்கூட இப்படி நினைத்துப் பார்க்கிற மனிதரா நம் சம்பந்தி என்று வழியெல்லாம் வியந்துகொண்டு வந்தேன்.

தோலோன் கணவாயின் உச்சியில் ஒரு அம்மாள் கூடாரம் போட்டுப் புளித்த குதிரைப்பால் குமிஸ் விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு கிண்ணம் குடிக்கத்தான் இறங்கினேன். அது நல்ல குமிஸ், நல்ல புளிப்பு, ஆகவே இன்னொரு கிண்ணமும் குடித்தேன். திரும்பி வந்து பார்க்கிறேன், சம்பந்தி. பின்கதவில் கண்ணாடி இல்லை. கண்ணாடி இருந்த இடத்தில் கிடாயின் தலை இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டு, எதையோ மென்றுகொண்டிருந்தது. கீழே குனிந்து தேடினேன், ஒரு சில்லுகூடக் கிடையாது. இருக்கையில் தேடினேன், இல்லை. உடைந்திருந்தால் தூளாவது கிடக்க வேண்டும். திருடன் வந்திருந்தால் கிடாயை அல்லவா கொண்டுபோயிருப்பான், அதை விட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போகிற திருடன் எங்கே இருக்கிறான்? அப்படியானால் மீதி இருப்பது ஒரே ஒரு வழிதான். குமிஸ்காரம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து அதன் வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள், நிமிர்ந்து, "உள்ள ஏதோ சத்தம் வருது, ஆனா கண்ணாடி சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றாள். எனக்கும் தெரியாது. நான் டிராக்டர்க்காரன். என் டிராக்டரின் கண்ணாடிகள் நான் வேலைக்குச் சேரும் முன்னமே போய்விட்டன.

அங்கிருந்து வீடு வரைக்கும் பள்ளத்தில் இறக்காமல், குலுக்காமல், மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே இருப்பது குத்திவிடுமோ என்ற பயம். கிடாய்க்கு எந்தப் பயமும் இல்லை, தலையை வெளியே போட்டுக் காற்று வாங்கிக்கொண்டு வந்தது. நரின் ஊருக்குள் போக்குவரத்துக்காரர் ஒருவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், கிடாய்க்கு மரியாதை கொடுத்து என்னைச் சும்மா விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பூபுசாராவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், கிடாயைப் பார்த்தாள், "குமிஸ் எத்தனை கிண்ணம்" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு, கிடாயை இறக்கிவிட்டு அந்தக் கதவைப் படாரென்று சாத்தினாள். சாத்தியதுதான் தாமதம், உள்ளே கலகலவென்று கண்ணாடி நொறுங்கும் சத்தம். நான் அப்படியே கிடாயைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதன் வயிற்றுக்குள்தான் நொறுங்கிவிட்டது என்று நினைத்தேன். கிடாய் என் தொப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் விளிம்பைத் தின்னத் தொடங்கியது. அப்போதுதான் பூபுசாரா கதவை இன்னொரு முறை ஆட்டிக் காட்டினாள். சத்தம் கதவுக்குள்ளேயிருந்து வந்தது. கண்ணாடி எங்கேயும் போகவில்லை, கதவின் வயிற்றுக்குள் விழுந்து கிடந்திருக்கிறது, என் வீட்டுக்காரி சாத்திய சாத்தில் உடைந்திருக்கிறது. இதை எழுதாதே என்று அவள் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

மறுநாள் காரை நரினுக்கு வெளியே பழைய கார்களைப் பிரித்து விற்கிற மைதானத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே தாலாய் என்று ஒருவன் இருக்கிறான், பெரிய கைகாரன் என்று சொன்னார்கள், சொன்னது அவனேதான். இந்தக் காரைச் செய்த ஜப்பான்காரன் மறந்துபோனதுகூடத் தனக்குத் தெரியும் என்றான். கதவின் உள்பக்கத் தட்டியைக் கழற்றி, சில்லுகளை அள்ளி வெளியே கொட்டினான். அவற்றோடு சேர்ந்து ஒரு மரத்துண்டும் வந்து விழுந்தது. உருண்டையாய், வழுவழுவென்று, முழங்கை நீளத்தில், ஒரு நுனி மட்டும் கருகி. "இது கார்ல வர்ற சாமான் இல்லையே" என்று சொல்லி அதை எண்ணெய்த் தகரத்தில் போடப் போனான். நான் பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். எனக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது, சம்பந்தி. கண்ணேறு கழிய ஆர்ச்சா மரக் குச்சியைக் கொளுத்திப் புகை காட்டுவது நம் இரு ஊரிலும் உள்ளதுதானே. மகள் போல வளர்த்த காருக்கு யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று, புகை காட்டிய குச்சியைக் கதவுக்குள் மறைத்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் அந்தக் கண்ணாடியைத் தொடாதே என்றீர்கள். பெருமையாய்ச் சொல்லிக்கொள்ளாமல் கூச்சம் என்று சொல்லி மூடிவிட்டீர்கள். நான் ஒரு அவசரக்காரன், இரண்டாவது கிண்ணத்துக்கு ஆசைப்பட்டு உங்கள் காவலைக் கலைத்துவிட்டேன். அந்தக் குச்சியை வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டில் உயரமான இடத்தில் வைத்தேன். இதற்கப்புறம் நடந்தது எல்லாம் அந்தக் காவல் போனதால் நடந்தது என்பது என் எண்ணம்.

தாலாய் ஒரு வாரம் வைத்திருந்தான். கண்ணாடி வேறொரு காரிலிருந்து கிடைத்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் இன்னொரு காரிலிருந்து. ஓட்டுநர் பக்கத்துப் பொத்தான் பலகையும் செத்துவிட்டது என்று சொல்லி அதையும் மாற்றினான். உங்கள் காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், அந்தப் பலகை கிடைத்ததோ ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள காரிலிருந்து. இது சரியாக வருமா என்று கேட்டேன். "கம்பியை நிறம் பார்த்துச் சேர்த்திருக்கேன், அண்ணே. நிறமே பொய் சொன்னா நான் என்ன பண்றது" என்றான். ஒருமுறை இறக்கி ஏற்றிக் காட்டட்டுமா என்று கேட்டான். வேண்டவே வேண்டாம், அவள் கூச்ச சுபாவம், தொடக்கூடாது என்று உத்தரவு என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து கல்யாண நாள் வரைக்கும் எந்தப் பொத்தானையும் யாரும் தொடவில்லை. எர்மெக் ஒருமுறை கையைக் கொண்டுபோனான், தட்டிவிட்டேன்.

மாமனாரே காரோட்டி மருமகளை அழைத்துவருவது எங்கேயும் வழக்கமில்லை என்று நீங்களும் சொன்னீர்கள், ஊரும் சொன்னது. இந்தக் காரை வேறு ஒருவன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் ஓட்டினேன், எர்மெக் என் பக்கத்தில். பின்னால் வலப்பக்கம் உங்கள் மூத்த மருமகள் நாசிரா, இடப்பக்கம் முக்காட்டோடு கனிஷாய், இருவருக்கும் நடுவில் தோள் உயரத்துக்குச் சீர் மெத்தைகள். புறப்படும்போது நீங்கள் வாசலில் நின்று அந்த இடது கண்ணாடியையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மகளைப் பிரிகிற துக்கம் என்று எண்ணி நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

கணவாய்க்கு முந்தின ஊரில் முதல் கயிறு. கல்யாண வண்டி வந்தால் குறுக்கே கயிறு பிடித்து இனாம் கேட்பது தெரிந்ததுதானே, அதற்கென்று மடியில் மிட்டாயும் கைக்குட்டைகளும் வைத்திருந்தேன். வெள்ளைக் கல்பாக் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் என் சன்னலைத் தட்டினார். நான் மரியாதையாகப் பொத்தானை அழுத்தினேன். என் கண்ணாடி அசையவில்லை. பின்னால் ஏதோ இறங்குகிற சத்தம். பெரியவர் என்னை விட்டுவிட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். போனவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். காற்று கனிஷாயின் முக்காட்டைத் தூக்கித் தோளில் போட்டிருந்தது. முகம் பார்க்கும் சீர் வைக்காமல் யாரும் பார்க்கக்கூடாத முகத்தை, எங்கள் வீட்டுத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து ஒவ்வொருவராகச் சீர் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய முகத்தை, கயிறு பிடித்த ஊரே இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பொத்தானை மேலே தூக்கினேன், எர்மெக்கின் கண்ணாடி இறங்கியது. பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன், நாசிராவின் கண்ணாடி இறங்கியது. அவற்றை எப்படியோ ஏற்றிவிட்டேன். உங்கள் சின்ன மகளுக்கு மட்டும் இறங்கத்தான் தெரிந்தது, ஏறத் தெரியவில்லை.

நாசிராவை உங்களுக்குத் தெரியும். "ஏன் சம்பந்தி, உங்க ஊர்ல மருமகளை இப்படித்தான் சந்தையில நிறுத்திக் காட்டிட்டுக் கூட்டிட்டுப் போவீங்களா" என்று கேட்டாள். அதற்குள் ஒரு பெண் தொலைபேசியில் படம் பிடித்து எங்கேயோ அனுப்பிவிட்டாள். கதவைத் திறந்து மிட்டாயை அள்ளி வீசிவிட்டு வண்டியை எடுத்தேன்.

கணவாயில் ஏறினால் பனி. உங்கள் பக்கம் அன்றைக்கு வெயில் என்று பிறகு கேள்விப்பட்டேன், இறைவன் எங்கள் சன்னலுக்கு நேராக மட்டும் பொழிந்திருக்கிறான். நாசிரா சீர்ப் பெட்டியைத் திறந்து, சம்பந்தியம்மா பூவேலை செய்து கொடுத்த திரைத்துணியை எடுத்து மெத்தைகளின் மேலாக நீட்டிச் சன்னலில் பிடித்தாள். காற்று அதைப் பிடுங்கி வெளியே கொடி மாதிரி ஆட்டியது. எதிரே வந்த கரி லாரிக்காரர்கள் எல்லாம் ஏதோ ஆபத்து என்று எண்ணி ஒதுங்கி நின்றார்கள். நின்றதால் இன்னும் நன்றாகப் பார்த்தார்கள். நடுக் கண்ணாடியில் பார்க்கிறேன், முக்காட்டுக்குள் மருமகளின் தோள்கள் குலுங்குகின்றன. அழுகிறாள். என் வீட்டுக்கு வருவதற்கு முன்னமே என்னால் அழுகிறாள். எர்மெக் கடைசியில் ஒரு மெத்தையை இழுத்துச் சன்னலில் அடைத்தான். அப்பாடா என்று இறங்கினால் அடுத்த ஊரில் அடுத்த கயிறு. மெத்தை வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறதா, இந்த வருஷம் இனாம் பெரிசு என்று நினைத்து நாலு பேர் பிடித்து இழுத்து எடுத்துக்கொண்டார்கள். வாழ்த்தியும் அனுப்பினார்கள். மெத்தையைத் திருப்பிக் கேட்டால், கல்யாண வண்டியிலிருந்து கொடுத்ததைத் திருப்பி வாங்கினவன் என்று பேர் வந்துவிடும். நாசிரா நரின் வரைக்கும் பேசவில்லை. அதற்கப்புறம் பேசினாள், அதை எழுதப் போவதில்லை.

வீட்டு வாசலில் பெண்கள் எல்லாம் சீர்க் கைக்குட்டைகளோடு காத்திருந்தார்கள். நனைந்த திரையைப் பிழிந்து மூலையில் கட்டி, அதன் பின்னால் மருமகளை உட்கார வைத்தோம். முதலில் வரவேண்டியவள் பக்கத்து வீட்டு சய்ரா. அவள் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நான்தான் மத்தியானமே போன்ல பார்த்துட்டேனே, பார்த்த முகத்துக்கு எதுக்குச் சீர்" என்றாள். சீர் வைக்காமல் திரையை விலக்கினால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சய்ராவைப் பார்த்து மற்றவர்களின் கைகளும் மெல்லப் பைக்குள் போவதைக் கண்டேன். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

பூபுசாரா திரைக்கு முன்னால் வந்து நின்றாள். "போன்ல பார்த்தியா சய்ரா? சரி. அப்ப அதுக்கு ஒரு சீர். இப்ப பார்க்கப் போறதுக்கு இன்னொண்ணு. ரெண்டு தடவை பார்த்தவ ரெண்டு தடவை வைக்கணும். இங்க வேற யாரெல்லாம் போன்ல பார்த்தீங்க?" ஒருவரும் பார்க்கவில்லை. சய்ராவும் யோசித்துப் பார்த்து, தான் பார்த்தது வேறு யாரோ பெண்ணாக இருக்கும் என்று சொல்லி, கைக்குட்டையை எடுத்து வைத்துவிட்டு முகம் பார்த்தாள். இந்த வீட்டில் இத்தனை வருஷமாக எந்த வாக்குவாதத்திலும் நான் ஏன் ஜெயித்ததில்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் வாசலில் ஒரு பெரியவர், கையில் ஒரு குட்டியாடு. வெள்ளைக் கல்பாக். முதல் கயிற்றுக்காரர். கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வாடகை வண்டியில் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என்ன ஐயா என்று கேட்டேன். "உங்களுக்கும் எனக்கும் ஒரு உறவும் இல்ல. ஆனா பார்த்துட்டேன். பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல, ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது" என்றார். குட்டியை விட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார். அப்புறம் மெத்தைக்காரர்கள் வந்தார்கள். மெத்தையை வெயிலில் காயப்போட்டு, சுருட்டி, அதற்குள் ஒரு செப்புக் கெண்டி வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு லாரிக்காரன் நிற்காமலேயே வாசலில் ஒரு மூட்டை கரியை உருட்டிவிட்டு, பார்த்தேன் பார்த்தேன் என்று கத்திக்கொண்டே போனான். உலர்ந்த தயிர் உருண்டைக் குர்த் ஒரு பை, கம்பளி, ஒரு சேவல். யார் எவர் என்றே தெரியாது. அத்-பஷியில் எந்த மருமகளுக்கும் இத்தனை ஊர்க்காரர்கள் சீர் வைத்ததில்லை. எனக்கு இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை, யாராவது வாசலில் செருமினால் திடுக்கிடுகிறேன்.

இத்தனையும் வந்து என்ன, மருமகள் பேசவில்லை. தேநீர் கொண்டுவந்து வைப்பாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள், உதட்டைக் கடித்துக்கொண்டு வேகமாகப் போய்விடுவாள். ஏதாவது கேட்டால் தோள் குலுங்கும். காரில் பார்த்த அதே குலுங்கல். என் நெஞ்சில் ஈட்டி பாய்ந்த மாதிரி இருக்கும். காரை மறுபடி தாலாயிடம் கொண்டுபோனேன், அவன் கண்ணாடியை ஏற்றி, இரண்டு திருகாணி வைத்து முடுக்கிவிட்டான். இனி அது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது, நீங்கள் கொடுத்த அன்றைக்கு எப்படிக் கூச்சத்தோடு இருந்ததோ அப்படியே இருக்கிறது. குற்றம் முழுக்க என்னுடையது. குமிஸ் குடித்தது நான், காவலைக் கலைத்தது நான், கிடாயைச் சரியாகக் கட்டாமல் விட்டதும் நான். அந்தக் கிடாய்க்குத் தண்டனையாக அதையே வெள்ளிக்கிழமை உங்கள் முன்னிலையில் அறுத்து, மரியாதைக்குத் தலையை உங்கள் தட்டில் வைப்பதாக இருக்கிறோம். உங்கள் காவல் குச்சியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், இந்தக் கடிதம் பறக்காமலிருக்க இப்போது மேசையில் இதன் மேல்தான் இருக்கிறது. நீங்களே உங்கள் புனிதமான கையால் அதைத் திரும்பக் கதவுக்குள் வைத்துவிடுங்கள். என்னைத் திட்டுங்கள், கூட்டத்தில் நிற்க வைத்துத் திட்டுங்கள், ஆனால் வாருங்கள். வந்து உங்கள் மகளிடம் இந்தக் கிழவனுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் பெண்குதிரைகள் எல்லாம் நல்ல குட்டி போடட்டும், உங்கள் அடுப்பில் சாம்பல் ஆறாமல் இருக்கட்டும், உங்கள் வண்டிக்கு முன்னால் வழி எப்போதும் திறந்திருக்கட்டும், சன்னல்கள் மூடியிருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். நாசிராவுக்கும் வணக்கம், தூரத்திலிருந்து.

வெட்கத்தோடு,
உங்கள் சம்பந்தி ஷார்ஷென்

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டலாம் என்று பசை தேடிக்கொண்டிருந்தபோது மருமகள் தேநீரோடு வந்தாள். மேசையில் இருந்த குச்சியைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சம்பந்தி, அவள் பேசிவிட்டாள். இந்த வீட்டில் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்:

"அத்தா, எங்க அம்மாவோட மாவு தேய்க்கிற கட்டை உங்க கிட்ட எப்படி வந்துச்சு?"

அந்தக் கருகல் அவளே சின்ன வயசில் அடுப்பைக் கிளறி உண்டாக்கியதாம். போன வருஷம் வசந்தத்தில் நீங்கள் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அவளைத் தவிர யாருக்கும் தெரியாமல் அந்தக் கண்ணாடியை நெம்பித் திறக்கப் போய், அது கதவுக்குள் விழுந்துவிட்டதாம். சம்பந்தியம்மாவின் கட்டையை உடைத்து அதற்கு முட்டுக் கொடுத்தீர்களாம். அன்றிலிருந்து அந்தக் கட்டையை நாசிராதான் எடுத்துவிட்டாள் என்று சம்பந்தியம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாராம். நாசிரா அந்தக் காரிலேயே கோச்கோரிலிருந்து அத்-பஷி வரைக்கும் உட்கார்ந்து வந்தாள், பாவம். "அப்ப காரில நீ அழுதது" என்று கேட்டேன். "அழுதேனா? எங்க அத்தா வாசல்ல நின்னு அந்தக் கண்ணாடியையே பார்த்துட்டு நின்னாரே, அந்த முகத்தை நினைச்சு நினைச்சு சிரிச்சேன். இங்க வாயைத் திறந்தா சிரிச்சுடுவேன்னுதான் பேசவே இல்ல" என்றாள். அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். அப்புறம் நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பூபுசாரா ஓடிவந்து, குமிஸ் எத்தனை கிண்ணம் என்று கேட்டாள்.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்புகளை எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். "புனிதமான கை" என்று எழுதியதையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிடாய் நிரபராதி, அதை நீங்கள் இடப்பக்கம் ஏற்றியது எதற்கு என்றும் இப்போது விளங்குகிறது. மருமகள் அதற்கு இப்போதே வைக்கோல் போட்டுத் தலையைத் தடவிக்கொண்டிருக்கிறாள், குற்றம் செய்யாதவனை அறுக்க விடமாட்டாளாம். எனவே வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய கிடாயை நீங்களே கொண்டுவாருங்கள், கொழுத்ததாக. வராமல் இருந்துவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தால், கட்டை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அதை உங்கள் முகவரிக்கே அனுப்பிவைப்பேன், உறையின் மேல் மட்டும் சம்பந்தியம்மாவின் பெயரை எழுதுவேன்.